கழித்துவைத்த ஏழு ஆட்டங்கள்

1995 ஜூன் 10: பதப்படுத்தும் அறையில் ஒரே மாதிரியான இரண்டு கணிப்பொறிகள் நிறுவப்பட்டன. வெப்பநிலை 27 பாகை. ஈரப்பதம் 65 விழுக்காடு.

ஜூன் 11: ‘அ’, ‘ஆ’ என்று குறியிடப்பட்ட இரண்டு சதுரங்க நிரல்களுக்கு இடையே முதல் ஆட்டம். சமன்.

ஜூன் 18: 44ஆம் நகர்த்தலில் ‘ஆ’ நின்றுபோனது. ஆட்டம் கழிக்கப்பட்டது. அதற்கு ஈடாக வேறோர் ஆட்டம் ஆடப்பட்டது.

ஆகஸ்ட் 6: நாற்பதாவது செல்லத்தக்க ஆட்டம் முடிந்தது. ‘அ’ வென்றவை 14; ‘ஆ’ வென்றவை 8; சமன் 18. வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்ற முறையில் புள்ளிகள் 23, 17. கழிக்கப்பட்ட ஆட்டங்கள் ஏழு.

ஆகஸ்ட் 8: ‘அ’ வலிமையானது என்ற அறிக்கையில் கையொப்பமிட்டேன்.

1999 பிப்ரவரி 21: என் மனைவி சரோஜினி காலமானாள்.

1999 மே 9: கழித்த ஆட்டங்களின் கட்டைப் பிரித்தேன்.

பதிவேடு ஏற்கக்கூடியவை இவ்வளவே. பதிவேடு ஏற்காதவற்றை எழுதும்படி, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய நூல் சோதனைக்கூடத்தின் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். உலக வாகையரையே ஒரு கணிப்பொறி வென்ற செய்தி இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தது. அதிலிருந்து அவர்களுக்குள் ஒரு வாதம் நடக்கிறது: சந்தையில் கிடைக்கும் சதுரங்க நிரல்களில் எது மிக வலிமையானது, அதை எப்படித் தீர்மானிப்பது? “உங்க காலத்துல நம்ம லேபிலேயே ஒரு டெஸ்ட் நடந்துச்சாமுங்களே, அதை எழுதுங்க சார்” என்றார் ஒருவர். நடந்தது. அதன் முடிவு தவறு. எப்படித் தவறு என்பதே இக்கட்டுரை.

நான் 1964இல் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்றேன். 1966இல் கோவையின் நூற்பாலைக் குழுமம் ஒன்றுக்குச் சொந்தமான இந்தச் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நூலின் இரு முனைகளையும் இரும்புப் பிடிகளில் மாட்டி, அறும்வரை இழுப்பது. எவ்வளவு விசையில் அறுந்தது என்று எழுதுவது. அதை ஆயிரம் முறை செய்வது. அந்தப் பிடிக்கு ‘ஜா’ என்று பெயர். நூல் தன் நடுவே அறுந்தால் அது நூலின் வலிமையைச் சொல்கிறது. பிடிக்கு அருகிலேயே அறுந்தால் அது பிடியின் அழுத்தத்தை மட்டுமே சொல்கிறது. அதை ‘ஜா பிரேக்’ என்போம்; கணக்கில் சேர்க்காமல் கழித்துவிட்டு, வேறொரு துண்டை மாட்டுவோம். உலகெங்கும் இதுதான் முறை. இந்த முறைதான் என்னை ஏமாற்றியது என்று சொல்லமாட்டேன். இந்த முறையைக் கொண்டு நான் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

என் துறைத்தலைவர் வெங்கடபதி அவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அறிக்கையைத் தொடுவதற்குமுன் கைகழுவுவார். எழுதுவதெல்லாம் பென்சிலில், கையொப்பம் மட்டும் மையில். எந்தக் கேள்வியையும் ஒருமுறைக்கு மேல் கேட்கமாட்டார். யாராவது ஒரு நூலைப் ‘பலமானது’ என்று சொன்னால், தலையை நிமிர்த்தாமலே, “எங்கே, எப்போ, எத்தனை தடவை?” என்பார். மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால், “உறுதி நூல்ல இருந்தாப் போதுமுங்க, வாயில வேண்டாம்” என்பார்.

1971இல் இரண்டு ஆலைகளின் நூல்களை வெவ்வேறு இயந்திரங்களில் சோதித்து, ஒன்றின் நூல் நலிந்தது என்று நான் அறிக்கை எழுதினேன். அவர் என்னை இயந்திரங்களுக்கு அருகே அழைத்துப்போனார். முதல் இயந்திரத்தில் நான் சோதித்த நூலை இரண்டாவதிலும், இரண்டாவதில் சோதித்ததை முதலாவதிலும் மாட்டச் சொன்னார். முடிவு தலைகீழானது. “இப்ப எது பலமுங்க? நூலா, மெஷினா?” என்றார். அன்றிலிருந்து எதை ஒப்பிட்டாலும் இடம் மாற்றி ஒருமுறை பார்க்காமல் நான் கையொப்பமிட்டதில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துச் சதுரங்க நிரல்கள் எங்களிடம் வந்ததற்கும் அவருடைய இந்தக் கண்டிப்பே காரணம். ஆலைக் குழுமத்தின் தலைவர் சதுரங்கப் பித்தர். தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கி, அதில் கணிப்பொறி வைக்க விரும்பினார். எந்த நிரலை வைப்பது என்பதில் ஐயம் வந்தபோது, வலிமையை இவ்வளவு கண்டிப்பாகச் சோதிப்பவர்கள் தம்மிடமே இருக்கிறார்களே என்று எங்களுக்கு எழுதிவிட்டார்.

‘அ’ என்பது வெளிநாட்டிலிருந்து வந்த நிரல். பெட்டியோடும் கையேட்டோடும் வந்தது. ‘ஆ’ என்பது பழனிச்சாமியோடு வந்தது.

பழனிச்சாமிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். தாராபுரத்துக்காரர். மின்னியல் படித்துவிட்டு, பீளமேட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைபார்த்துக்கொண்டு, முதலாளி அனுமதித்த நேரங்களில் பட்டறைக் கணிப்பொறியில் ஆறு ஆண்டுகள் உழைத்து அந்த நிரலை எழுதியிருந்தார். அது வலிமையானது என்று நாங்கள் சொன்னால், மன்றத்து அறையும் கணிப்பொறியும் இரண்டு ஆண்டுகளுக்கு அவர் பொறுப்பில் விடப்படும். நிரலை வளர்ப்பது ஒன்றே அவர் வேலை. இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்க்கவேண்டும். தந்தை ஆடி மாதம் முடியும்வரை தவணை கொடுத்திருந்தார்.

மஞ்சள் பையிலிருந்து நிரல் பதிந்த ஃபிளாப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அது கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல் பக்கத்திலேயே நின்றார்.

“ஏனுங்க, இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?” என்றார் வெங்கடபதி.

“பேரு ஒண்ணும் வெக்கலீங்க. ஜெயிச்சா வெக்கலாம்னுங்க.”

“தோத்தா?”

“தோத்தா எங்கப்பன் எனக்கே ஒரு பேரு வெச்சிருக்காருங்க. அதை இங்க சொல்ல முடியாதுங்க.”

வெங்கடபதி சிரித்து நான் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று.

சோதனை முறையை அவர்தான் வகுத்தார். இளைஞர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன். முதலாவது, கணிப்பொறிகள் இரண்டும் ஒரே வகையாக இருக்கவேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிரல்கள் இயந்திரம் மாறவேண்டும். அக்காலக் கணிப்பொறிகளின் முகப்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பொத்தான் ஒன்று உண்டு. இரண்டிலும் அதை அழுத்திவிட்டு, மேலே துணிப்பட்டை ஒட்டித் தம் கையால் முத்திரையிட்டார். இரண்டாவது, நகர்த்தலுக்கு ஒரு நிமிடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூன்றாவது, நிரல்களை அவற்றின் விருப்பத்துக்கு விட்டால் ஆடிய ஆட்டத்தையே திரும்ப ஆடும். அப்போது நாற்பது ஆட்டம் ஆடினாலும் உண்மையில் நான்கைந்துதான் ஆடியதாகும். ஆகவே இருபது வெவ்வேறு தொடக்கங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இரு நிரல்களும் ஒருமுறை வெள்ளையிலும் ஒருமுறை கறுப்பிலும் ஆடவேண்டும். இருப்பில் மேலும் சில தொடக்கங்கள்.

“மெஷின் நின்னுபோனா, கரண்ட் போனா, அதை ஜா பிரேக்காக் கழிச்சுருங்க,” என்றார் கடைசியாக. “ஆனா எங்க அறுந்துச்சுன்னு எழுதி வையுங்க. கழிச்சதையும் கடைசியில ஒருக்காப் பாக்கோணும்.”

இதில் முதற்பாதியை நான் கடைப்பிடித்தேன்.

இரண்டு நிரல்களும் ஒன்றோடொன்று பேசத் தெரியாதவை. ஒன்றின் நகர்த்தலை ஓர் ஆள் படித்துச் சொல்ல, மற்றோர் ஆள் அதை எதிர் இயந்திரத்தில் தட்டவேண்டும். வார இறுதி நாட்களில், வேறு சோதனைகள் இல்லாதபோது, நான் ‘அ’வுக்கும் சரோஜினி ‘ஆ’வுக்கும் உட்கார்ந்தோம். அவள் பெண்கள் பள்ளியொன்றில் கணித ஆசிரியை. சதுரங்கம் நன்றாகத் தெரியும். பழனிச்சாமிக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே வேம்படியில் ஒரு பெஞ்சு உண்டு, அங்கே இருப்பார்.

அந்த ஒன்பது வாரங்களை நினைக்கும்போது எனக்கு நாட்கள் நினைவுக்கு வருவதில்லை. ஒரே ஒரு நீண்ட பிற்பகல்தான் வருகிறது. பதப்படுத்தும் அறையில் நூலின் ஈரப்பதம் மாறாதிருக்க எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் தெளிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். உள்ளே போனதும் தோல் மென்மையாகிவிடும். குரல்கள் பஞ்சில் சுற்றியவைபோல் ஒலிக்கும். சுவர் நெடுக அலமாரிகளில் வெள்ளை நூற்கண்டுகள். வெளியே பாலக்காட்டுக் கணவாயின் மேல்காற்று சாரலை இழுத்துவந்து கண்ணாடியில் எறியும். இயந்திரங்கள் ஒரு நிமிடம் சிந்திக்கும். பிறகு, “டி நாலு,” என்பாள். நான் தட்டுவேன். ஒரு நிமிடம். “எஃப் ஆறு,” என்பேன். அவள் தட்டுவாள். வேறு பேச்சு இல்லை. முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததும் இல்லை, அவ்வளவு குறைவாகப் பேசியும் அவ்வளவு நிறைவாக இருந்ததும் இல்லை. சில வேளைகளில், ஆடுவது இயந்திரங்கள் அல்ல, அறைதான் ஆடுகிறது, நாங்கள் அதன் தூக்கத்தில் வரும் இரண்டு குரல்கள் என்று தோன்றும்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நகர்த்தல்களைப் படித்தேன், தட்டினேன், எழுதினேன். எந்தப் பக்கம் வெல்கிறது என்று பார்க்க மறுத்தேன். நூல் அறும்வரை விசைமானியின் முள்ளைப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். பார்த்தால் கை ஏதாவது ஒரு பக்கம் சாயும். சன்னலுக்கு வெளியே பழனிச்சாமியின் முகத்தைப் பார்த்த முதல் நாளே என் கை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இன்னும் கடுமையாகக் கண்ணை மூடிக்கொண்டேன். அதை நேர்மை என்று எண்ணினேன்.

ஜூன் 18. ஒரு நிமிடம் கடந்தது. இரண்டு. ஐந்து.

“ஏனுங்க, இது நின்னுபோச்சுங்க,” என்றாள்.

“ஜா பிரேக். தாளைத் தனியா வெச்சிரு.”

“நூலு பிடியில அறுந்தா அது பிடியோட குத்தமுங்க. இங்க பிடி எதுங்க?”

“கம்ப்யூட்டர், கரண்ட், இந்த ஈரம். எதுவா இருந்தாலும் அது ஆட்டமில்லை.”

அவள் அந்தியூர்க்காரி. என் மாமனார் அவ்வூர் ஆடி மாதக் குதிரைச் சந்தையில் பிறருக்காகக் குதிரை தேர்ந்துகொடுப்பவர்; அவர் கைவைத்துச் சரி என்ற குதிரையைத்தான் சுற்றுவட்டாரத்தில் வாங்குவார்கள்.

“எங்கப்பா குதிரை ஓடுறப்ப வாயத் தொறக்க மாட்டாருங்க. நின்னாத்தான் கிட்டப் போவாரு. ஓடுறது ஓட்டறவனுக்காக ஓடும், நிக்கறப்பத்தான் அது தன்னைச் சொல்லும்பாரு.”

“இது குதிரை இல்லை சரோஜினி.”

“நாலு குதிரை இருந்துச்சுங்களே,” என்று திரையைக் காட்டினாள்.

நான் சிரிக்கவில்லை. இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கி, இருப்பிலிருந்த தொடக்கம் ஒன்றை எடுத்தேன். அவள் கழித்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். படிவத்தை நிறைவுசெய்கிறாள் என்று எண்ணினேன்.

நான்காம் முறை நின்றபோது, “ஏனுங்க, இதுவும்…” என்று தொடங்கினாள். “தாளைத் தனியா வை” என்றேன். அந்தத் தொனி இப்போதும் எனக்குக் கேட்கிறது, உரத்ததன்று, ஈரமில்லாதது. அதன்பின் மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறையும் எழுதினாள். தாளைத் தனியே வைத்தாள். அந்த ஆண்டு ஆடியில் நாங்கள் அந்தியூர்ச் சந்தைக்குப் போகவில்லை. திருமணமானபின் அவள் போகாத முதல் ஆடி அதுதான்.

ஆகஸ்ட் 8 அன்று, சுதந்திர நாளுக்குமுன் அறிக்கை வேண்டும் என்று குழுமத் தலைவர் கேட்டிருந்ததால், வெங்கடபதி கைகழுவிவிட்டு என் அறிக்கையைப் படித்தார். நாற்பது ஆட்டத்தில் ஆறு புள்ளி வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும் என்று ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில், படிவம் கேட்டபடி, ‘வலிமையானது: அ’ என்று எழுதியிருந்தேன். ஐந்தாம் பக்கத்தை அவர் படிப்பார், குழுமத் தலைவர் படிக்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பள்ளி முடிந்து வந்திருந்த சரோஜினி அறையின் மறுகோடியில் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“கழிச்ச ஏழையும் பாத்தீங்களா?” என்றார் வெங்கடபதி.

இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு ஜா பிரேக்கும் எனக்கு எதுவும் சொன்னதில்லை.

“பாத்தேனுங்க,” என்றேன்.

அவர் மைப்பேனாவை எடுத்தார். கேள்வியை ஒருமுறைதானே கேட்பார். சரோஜினி என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஏழு தாள்களைச் சோதனை நூலால் கட்டி, ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டாள். அவள் வாய்திறந்திருந்தால் பழனிச்சாமிக்கு இரண்டு ஆண்டுகள் கிடைத்திருக்கக்கூடும். நான் வெங்கடபதி முன்னால் பொய்யனாகியிருப்பேன். இரண்டையும் அவள் எடைபோட்டிருக்கவேண்டும். நான் அதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

பழனிச்சாமி வேம்படிப் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“என்னாச்சுங்க சார்? வலுவில்லீங்களா?”

“இந்தச் சூழ்நிலையில், இந்த வேகத்தில், நாற்பது ஆட்டங்களில்…”

“எங்கப்பங்கிட்ட இவ்வளவு நீளமாச் சொல்ல முடியாதுங்க. ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க.”

“இல்லை.”

சற்றுநேரம் சன்னலைப் பார்த்தார். உள்ளே இயந்திரங்களின் திரைகள் அணைந்திருந்தன.

“சரீங்க. மஞ்சப்பயிரு இத்தனை கேள்வி கேக்காதுங்க.” பிறகு சரோஜினியைப் பார்த்து, “டீச்சரம்மா, போயிட்டு வாரேனுங்க,” என்றார்.

“கண்ணு, அந்த ஃபிளாப்பியைப் பத்திரமா வெச்சுக்கோ. தூக்கிப் போட்டுறாதே,” என்றாள். அவள் அன்று பேசியது அவ்வளவுதான்.

வெங்கடபதி அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றார்; நான் 1998இல். கழித்த சோதனைகளின் தாள்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்து அழிப்பது விதி. என் கடைசி மாதத்தில் அந்தக் கட்டின் முறை வந்தது. வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். “அதை நான் வெச்சுக்கறேனுங்க,” என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். பீரோவில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய நோயைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது குறுகியது.

மே மாதத்தில் அவள் சேலைகளை அவள் தங்கைக்குக் கொடுப்பதற்காக பீரோவைத் திறந்தேன். உக்கடம் குளத்தின் பக்கம் பார்த்த அறை அது; பகல் முழுவதும் நீரின் ஒளி கூரையில் அசைந்துகொண்டிருக்கும். அந்த அசையும் ஒளியில், இரண்டு முடிச்சையும் கத்தரிக்கோல் இல்லாமல் அவிழ்த்தேன். சற்று நேரமானது.

ஒவ்வொரு தாளிலும் நகர்த்தல்களுக்குக் கீழே அவள் கட்டம்போட்டு, ஆட்டம் நின்ற நிலையை வரைந்திருந்தாள். அதற்கடியில் ஆசிரியையின் தெளிவான கையெழுத்தில் ஒரு குறிப்பு. முதல் தாளில்: ‘ஆ-வின் சிப்பாய் கடைசி வரிசைக்கு ஒரு படி கீழே. ஆ-வின் ராணியும் பலகையில் இருக்கிறது. ஆ வெல்லும் நிலை. இங்கே நின்றது.’ இரண்டாம் தாளில் அதே வாசகம். மூன்றாவதிலும். ஏழு தாள்களிலும் அதே வாசகம். சிப்பாய் நின்ற கட்டம் மட்டும் வேறு. ஏழாம் தாளின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது. அது சோதனையைச் சேர்ந்தது அன்று.

வீட்டிலிருந்த மரப்பலகையை எடுத்து, பிற்பகலுக்கு ஓர் ஆட்டமாக ஏழு பிற்பகல்கள் ஆடிப்பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் நானே நகர்த்தினேன். ‘ஆ’வின் முறை வரும்போதெல்லாம் நகர்த்துவதற்குமுன் ஒரு நிமிடம் காத்திருந்தேன். யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. பழக்கம். அறையில் குரல் இல்லாததால் ஒருமுறை “டி நாலு” என்று நானே சொன்னேன். அவள் எழுதியது ஏழிலும் சரியாக இருந்தது.

ஜூன் மாதம் தாராபுரம் போனேன். பழனிச்சாமியின் தோட்டம் அமராவதிக் கால்வாய்ப் பக்கம். முன்பைவிடக் கறுத்திருந்தார், மோட்டார் அறையில் பம்பு ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். சரோஜினியின் செய்தியைச் சொன்னேன். எழுந்து நின்றார். பிறகு தாள்களைக் கொடுத்தேன். ஏழையும் பார்த்தார், மறுபடி முதல் தாளுக்கு வந்தார். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் இருந்தார். திடீரென்று சிரித்துவிட்டார்.

“அட, ராணி உக்கார எடமில்லீங்க!”

“என்ன?”

“ஒவ்வொரு காய்க்கும் மெமரியில எடம் ஒதுக்கோணுமுங்க. நம்ம பக்கத்து ராணிக்கு ஒரே எடந்தான் ஒதுக்கியிருந்தனுங்க. சிப்பாய் போய்ச் சேந்து ரெண்டாவது ராணி வரப்போகுதுன்னு அது யோசிச்சுப் பாத்திருக்குது, வெக்க எடமில்ல, நின்னுபோச்சுங்க.”

“எதிரிக்கு ரெண்டாவது ராணி வந்தபோது நிற்கவில்லையே?”

“எதிராளிக்கு ஒம்பது எடம் ஒதுக்கியிருந்தனுங்க. ஆரம்பத்துல தோத்துத் தோத்து, அவனுக்கு வரும் வரும்னே பயந்து எழுதுனதுங்க. நமக்கு வரும்னு நெனைக்கவே இல்லீங்க.”

“வீட்டில் சோதிக்கும்போது ஒருமுறைகூட நிற்கவில்லையா?”

“ஜெயிக்கற மாதிரி ஆச்சுன்னா நானே நிறுத்திப்போட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருவனுங்க. ஜெயிச்சதை எதுக்குங்க கடைசிவரைக்கும் பாக்கோணும்?”

சிரிப்பு அடங்கியது. பம்பின் பாகங்களைப் பார்த்துக்கொண்டே, “நாலு வருசமுங்க,” என்றார். பிறகு, “டீச்சரம்மா எப்பப் பாத்தாங்க?” என்றார்.

“முதல் முறையே.”

“சொல்லலீங்களா?”

“என்னிடம் சொன்னாள். நான் கேட்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று வெங்கடபதியிடம் பொய் சொன்னதும் நான்தான்.”

மன்னிப்புக் கேட்கும் சொற்களைப் பேருந்தில் பலமுறை அடுக்கிப் பார்த்திருந்தேன். அவற்றைச் சொன்னேன். “தண்ணி பாயுதுங்க, மடை மாத்தோணும். கூட வாங்க,” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். மஞ்சள் வயலின் வரப்பில் பின்னாலேயே போனேன். ஒரு மடையை அடைத்து மறு மடையைத் திறந்தார். நீர் திரும்பி, புதிய பாத்தியில் தயங்கித் தயங்கி நுழைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, தமக்குள் பேசுவதுபோல், “அப்ப ஜெயிக்கற எடத்துலதான் நின்னிருக்குதுங்க,” என்றார். பிறகு, “திருத்தறது ஒரே வரிதானுங்க. ஃபிளாப்பி ஊட்டுல இருக்குதுங்க. டீச்சரம்மா சொன்னாங்கன்னு வெச்சிருக்கறனுங்க.”

இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த ஏழையும் கழித்தால், 23க்கு 17, ‘அ’ வலிமையானது. அவை எந்த நிலையில் நின்றனவோ அந்த நிலையின்படி ‘ஆ’வுக்குக் கொடுத்தால், 23க்கு 24, எது வலிமையானது என்று யாராலும் சொல்லமுடியாது. நின்றுபோனது தோற்றதே என்று கொண்டால், 30க்கு 17. மன்றத்தில் அமர்ந்து ஆடுகிறவருக்கு இதுவே நியாயமாகத் தோன்றலாம், தறியில் அறுந்த நூலை நெசவாளர் மன்னிப்பதில்லை. மூன்றில் எது சரி என்பதை எண்கள் சொல்லமாட்டா. ஏன் நின்றது என்பதைத் தெரிந்துகொண்டபின்னரே தேர்ந்தெடுக்கமுடியும். பிடியில் அறுவது எல்லா நூலுக்கும் ஒரேபோல் நேர்கிறது; அதனால் அதைக் கழிக்கலாம். ஒரு பக்கம் மட்டும், அதுவும் வெல்லும்போது மட்டும் அறுமானால், கழிப்பது அளப்பதன்று, வெட்டுவது. இயந்திரத்தை மாற்றுங்கள், நிறத்தை மாற்றுங்கள், தொடக்கத்தை மாற்றுங்கள், நாற்பதுக்குப் பதில் நானூறு ஆட்டம் ஆடவிடுங்கள். எங்கே, எப்போது, எத்தனை தடவை என்ற மூன்றோடு, எங்கே நின்றது என்ற நான்காவதையும் கேளுங்கள். அதைக் கேட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

இன்னும் செய்யாதவை:

1. 1995ஆம் ஆண்டு அறிக்கைக்குத் திருத்தக் குறிப்பு. இக்கட்டுரை அதற்கு ஈடாகாது.

2. வெங்கடபதி அவர்களின் வீட்டுக்குச் சென்று, ‘பாத்தேனுங்க’ என்ற விடையைத் திரும்பப் பெறுவது.

3. அந்த ஒரு வரியைத் திருத்தியபின், ஏழு ஆட்டங்களையும் நின்ற இடத்திலிருந்து தொடரவிடுவது. ஆடி மாதம் கழிந்ததும் வருவதாகப் பழனிச்சாமி சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும்.

4. நிரலுக்குப் பெயர். வரப்பில் நிற்கும்போது அவர் ஒரு பெயரைச் சொன்னார். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

5. அந்தியூர்.

6. ஏழாம் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் கேள்விக்கு விடை: ‘ஏனுங்க, ஒரு நாளைக்கு இதையெல்லாம் நாம ரெண்டு பேரும் உக்காந்து ஆடிப் பாக்கலாமுங்களா?’